ஆலை நின்ற பின்னும் ஓடும் வண்டிகள்

தயாரிப்பு நின்று முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளை ஓடும் நிலையில் வைத்திருப்பது, அதை விலைகொடுத்து வாங்குவதைக் காட்டிலும் கடினமான காரியம். வாங்குவதற்குப் பணமும் கொஞ்சம் அலைச்சலும் போதும். தொடர்ந்து ஓட்டுவதற்கோ தேய்ந்த பிஸ்டனுக்கும் இறுகிப்போன ரப்பருக்கும் துருப்பிடித்த சைலன்சருக்கும் ஈடான ஒன்றைத் திரும்பத் திரும்பத் தேட வேண்டியிருக்கும். அந்த மாடலைச் செய்த நிறுவனம் அதற்குள் வேறு தொழிலுக்குப் போயிருக்கலாம், கைமாறியிருக்கலாம், அல்லது மூடப்பட்டே இருக்கலாம். இத்தகைய வண்டிகளைப் பல்லாண்டுகளாக ஓட்டிவருவோரின் வழிமுறைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்: கிடங்கில் சேர்த்துவைத்த பொருள்களைவிட, அந்தப் பொருள்களைப் பற்றிய துல்லியமான அறிவே அவர்களுக்குக் கைகொடுக்கிறது. எந்தப் பாகம், என்ன அளவு, எந்த உலோகம், வேறெந்த வண்டியில் அது பொருந்தும் என்பன எழுதிவைக்கப்பட்டிருக்கும்வரை, தீர்ந்துபோன பாகத்தையும் மீண்டும் செய்துகொள்ள முடியும். அந்த விவரம் தொலைந்துபோனால், பணம் எவ்வளவு இருந்தாலும் வண்டி நின்றுவிடும்.

அருமை எப்படி வந்தது

இதற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டாகச் சொல்லத் தக்கது ராஜ்தூத் 350. ஜப்பானின் யமஹா நிறுவனத்தின் உரிமத்தைப் பெற்று, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1970-களின் நடுவில் யமஹா விற்ற ஆர்.டி. 350 பி என்ற மாடலே இதன் மூலம். இரண்டு சிலிண்டர்கள், 64 மில்லிமீட்டர் விட்டம், 54 மில்லிமீட்டர் வீச்சு, மொத்தம் 347 சி.சி. கொள்ளளவு, ஆறு கியர்கள் என அமைந்த இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளையே பார்த்துப் பழகிய அன்றைய இந்தியச் சாலைகளுக்கு முற்றிலும் புதியது. மூல வண்டி ஏறக்குறைய 39 குதிரைத்திறன் தந்தது. இந்திய வண்டியிலோ எரிபொருள் செலவை மட்டுப்படுத்தத் திறன் குறைக்கப்பட்டு, முதலில் வந்த ‘ஹை டார்க்’ வகை 30.5 குதிரைத்திறனும், 1985-ஐ ஒட்டி வந்த ‘லோ டார்க்’ வகை 27 குதிரைத்திறனும் தந்தன. மூல வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்குக்கு மாற்றாக இங்கே டிரம் பிரேக் பொருத்தப்பட்டது.

இந்த வண்டி நெடுநாள் நிலைக்கவில்லை. லிட்டருக்கு முப்பது கிலோமீட்டரைக்கூட எட்டாத ஒரு வண்டியை, பெட்ரோல் செலவை எண்ணியெண்ணிப் பார்க்கும் குடும்பங்கள் வாங்கத் தயங்கின. 1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்து, எண்பது கிலோமீட்டர் என்ற கணக்கை மக்கள் மனத்தில் பதித்தது. அதே ஆண்டில் எஸ்கார்ட்ஸே யமஹாவின் ஆர்.எக்ஸ். 100-ஐ வெளியிட்டு, எளிய விலையில் வேகத்தை விரும்பியவர்களையும் அந்தப் பக்கம் ஈர்த்துக்கொண்டது. 1980-களின் இறுதியில் ராஜ்தூத் 350-இன் தயாரிப்பு நின்றது. குறைவாக விற்ற வண்டிக்குக் குறைவான பாகங்களே செய்யப்படும். பாகம் செய்து கொடுத்த சிறு தொழிற்கூடங்களும் ஆர்டர் வராததால் அச்சுகளைக் கழித்துக்கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். இவ்வாறு ஏழே ஆண்டுகளுக்குள் வந்து போன ஒரு வண்டி, அடுத்த தலைமுறைக்கு அரிய பொருளாகிவிட்டது.

பழைமை மட்டுமே ஒரு வண்டியை அரிதாக்கிவிடுவதில்லை என்பதற்கு நம் வாசலிலேயே சான்று இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டு, 1970 அளவில் இங்கிலாந்தில் தயாரிப்பே ஓய்ந்த பின்னும், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அதே 350 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து உருவானது. ஆகவே 1950-களில் ரெட்டிச்சில் செய்யப்பட்ட ஒரு புல்லட்டை இங்கிலாந்தில் வைத்திருப்பவர், தம் எஞ்சினுக்கு வேண்டிய பல பாகங்களைச் சென்னையில் செய்யப்பட்ட புதுப் பொருளாகவே வாங்க முடிந்தது. முப்பது ஆண்டுகள் இளைய ராஜ்தூத் 350-க்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அதே போல, மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டாலும், ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்குச் செக் நாட்டில் உடன்பிறப்பு மாடல்கள் இருந்ததால், அங்கே செய்யப்படும் பாகங்கள் சிலவற்றை இங்கேயும் பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு வண்டியின் வயதைப் பார்ப்பதற்கு முன் அதன் உறவுமுறையைப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

எளிதில் கிடைப்பவை, கிடைக்காதவை

உதிரிபாகங்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் தேடலின் இயல்பு தெளிவாகும். முதலாவது, எந்த ஒரு மாடலுக்கும் சொந்தமில்லாத பொதுத் தரப் பாகங்கள்: பேரிங், ஆயில் சீல், செயின், ஸ்பார்க் பிளக், டயர் போன்றவை. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண் உலகெங்கும் ஒரே அளவைக் குறிக்கும். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர் என்பது எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் மாறாது. எனினும் அளவு ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. எஞ்சின் சூட்டில் உலோகம் விரிவதற்கு இடம்விட்டுச் செய்யப்பட்டவை ‘சி3’ என்ற கூடுதல் குறியீட்டோடு வரும். அந்தக் குறியீட்டைக் கவனியாமல் சாதாரணப் பேரிங்கைப் போட்டால், சூடேறியதும் அது இறுகிச் சீக்கிரமே கெட்டுப்போகும்.

இரண்டாவது, அந்த மாடலுக்கே உரிய தேயும் பாகங்கள்: பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கிளட்ச் தட்டுகள், கியர்கள், கனெக்டிங் ராடு ஆகியன. இவற்றுக்குத் தேவை தொடர்ந்து இருப்பதால், சிறிய அளவிலாவது யாராவது மறுதயாரிப்புச் செய்வார்கள். மூன்றாவது, தேயாத, ஆனால் உடையவும் துருப்பிடிக்கவும் தொலையவும் கூடிய வெளிப்பாகங்கள்: பெட்ரோல் டேங்க், பக்க மூடிகள், சைலன்சர், ஹெட்லைட் கூடு, ஸ்பீடோமீட்டர், பெயர்ச்சின்னம் போன்றவை. எஞ்சினை எழுப்புவதே பெரும்பாடு என்று புதிதாக வாங்குபவர் நினைப்பார். அனுபவமோ வேறு விதமாக இருக்கும். பிஸ்டன் தேய்ந்தே தீரும் என்பதால் ஆலை அதை உபரியாகச் செய்துவைத்தது. பக்க மூடி தேயாது என்பதால் அளவோடுதான் செய்தது. ஆகவே வண்டி வாங்கும்போது, எஞ்சின் ஓடுகிறதா என்பதைவிட வெளிப்பாகங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே அறிவுடைமை. ஓடாத எஞ்சினோடு எல்லாப் பாகங்களும் உள்ள வண்டி, ஓடும் எஞ்சினோடு பாதி பாகங்கள் இல்லாத வண்டியைவிடப் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

எண்ணுக்குள் இருக்கும் வரலாறு

தேடலின் முதல் கருவி, ஆலை தன் விற்பனையாளர்களுக்காக அச்சிட்ட பாகப் பட்டியல். எஞ்சினையும் சட்டகத்தையும் பிரித்துப் பரப்பி வரைந்த படங்களும், ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய எண்ணும் அதில் இருக்கும். யமஹாவின் பாக எண் மூன்று துண்டுகளால் ஆனது. முதல் மூன்று இலக்கம், அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதன்முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள ஐந்து இலக்கம் அது என்ன வேலை செய்யும் பாகம் என்பதைச் சொல்லும். கடைசி இரண்டு இலக்கம் பின்னர் வந்த திருத்தத்தையோ நிறத்தையோ சொல்லும். 11631 என்று நடுவில் வந்தால் அது பிஸ்டன். 11181 என்றால் சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் இடையே வரும் கேஸ்கெட். 1973-இல் வந்த ஆர்.டி. 350-இன் குறியீடு 360. அதற்கு முன் 1970-இல் வந்த ஆர்-5 என்ற மாடலின் குறியீடு 278.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டவருக்குப் பட்டியலே ஒரு வரைபடமாகிவிடுகிறது. ஆர்.டி. 350-க்கான பட்டியலில் 278 என்று தொடங்கும் எண் ஒன்று இருந்தால், அந்தப் பாகத்தை ஆர்-5 வண்டியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிகிறது. ‘ராஜ்தூத்’ என்ற பெயரையே கேள்விப்பட்டிராத அமெரிக்க, ஐரோப்பிய வியாபாரியிடமும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஒன்பதில் தொடங்கும் எண்கள் திருகு, சீல், பேரிங் போன்ற பொதுப் பாகங்களைக் குறிப்பதால், அவை பிற யமஹா மாடல்களிலும் இருக்க வாய்ப்புண்டு. மறுபுறம், இந்தியாவுக்கென்று மாற்றப்பட்ட முன்பிரேக், சைலன்சர் முதலியவற்றை வெளிநாட்டில் தேடிப் பயனில்லை என்பதையும் பட்டியலே காட்டிக்கொடுக்கும். ஹை டார்க் வகையில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்கள் மிகுதி என்பதாலும், லோ டார்க் வகையில் உள்நாட்டுப் பாகங்கள் கூடியதாலும், தம் வண்டி எந்த வகை என்பதை அறியாமல் கடைக்குப் போகிறவர் தவறான பாகத்தோடு திரும்ப நேரும்.

ஒரு சீல், ஒரு ரப்பர், ஒரு திருகு

சிறிய பாகம் ஒன்று வண்டியின் விதியை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராகப் பிஸ்டனுக்கு மேலே போவதில்லை. முதலில் கிராங்க் சுழலும் கீழ் அறைக்குள் வந்து, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கத் துவாரங்கள் வழியாக மேலேறுகிறது. எனவே அந்தக் கீழ் அறை காற்றுப்புகாமல் இருந்தாக வேண்டும். கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் அதைக் காப்பவை ஆயில் சீல்கள், அதாவது எஃகு வளையத்துக்குள் மெல்லிய ரப்பர் உதடு அமைந்த தடுப்புகள். வண்டி பத்து ஆண்டுகள் சும்மா நின்றிருந்தால் அந்த உதடு காய்ந்து இறுகிவிடும்.

ஆர்.டி. 350-இன் இடப்பக்க முனையில் மின்னாக்கியும், வலப்பக்க முனையில் கிளட்சும் அமைந்திருப்பதால், இரு சீல்களும் இருவேறு விதமாகத் தம் பழுதைத் தெரிவிக்கின்றன. வலப்பக்கச் சீல் கெட்டால், கியர்பெட்டி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும்; சைலன்சரில் வெண்புகை அடர்ந்து வரும், எண்ணெய் மட்டம் காரணமில்லாமல் இறங்கும். இடப்பக்கச் சீல் கெட்டால் புகை எதுவும் வராது. வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைப் பற்றிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்று சொல்லும் நிலை இதுதான். சிறு தொகைக்குக் கிடைக்கும் ஒரு சீலை உரிய காலத்தில் மாற்றாததால், கிடைப்பதற்கரிய பிஸ்டனும் சிலிண்டரும் பாழாகின்றன. நெடுநாள் நின்ற வண்டியை வாங்கியவுடன் உதைத்துக் கிளப்பிப் பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொண்டு முதலில் சீல்களை மாற்றச் சொல்வது இதனால்தான்.

கார்ப்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய்க்கும் இதே கதைதான். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். விரலால் வளைத்துப் பார்த்தால் மடிப்புகளில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும், அவற்றின் வழியாகவும் காற்று புகும். இன்றைய பெட்ரோல் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. இந்தியாவில் பெட்ரோலோடு 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. எத்தனாலை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பரை உப்பவும் இளகவும் செய்யும். டேங்கின் உட்புறம் துருப்பிடிக்க வழிவகுக்கும். துருவை மறைக்க உள்ளே பூசப்பட்ட சிலவகைப் பூச்சுகளையும் உரித்துவிடும். ஆகவே ரப்பர் பாகங்களை மாற்றும்போது, எத்தனாலைத் தாங்கும் விட்டான் போன்ற வகைகளைக் கேட்டு வாங்குவதும், நெடுநாள் ஓட்டப் போவதில்லை எனில் டேங்கையும் கார்ப்புரேட்டரையும் வடித்துவைப்பதும் தேவையாகின்றன.

இத்தகைய வண்டிகளைக் கெடுப்பதில் தவறான கருவிக்கும் பங்குண்டு. அக்கால ஜப்பானிய வண்டிகளின் எஞ்சின் மூடிகளை இறுக்கும் கூட்டல்குறித் திருகுகள், ஜப்பானியத் தொழில்தரத்தின்படி வெட்டப்பட்டவை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பிலிப்ஸ் ஸ்குரூடிரைவர் அந்தப் பள்ளத்தில் முழுமையாக அமராது; அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கித் திருகின் தலையை அரித்துவிடும். பழைய ஆங்கில வண்டிகளிலோ மரைகளே வேறு: விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஏறக்குறைய ஒத்த அளவுள்ள மெட்ரிக் போல்ட்டை அதில் முறுக்கினால் இரண்டு சுற்று உள்ளே போகும், அதன்பின் அலுமினியத்தில் இருக்கும் மரையைச் சீவிவிடும். போல்ட் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். மரை போன எஞ்சின் கூட்டுக்கு மாற்று எளிதில் கிடைக்காது.

தேடும் இடங்கள்

பாகம் இன்னதென்று தெரிந்த பின் தேடும் இடங்கள் நான்கு. முதலாவது, விற்காமல் தங்கிவிட்ட பழைய சரக்கு. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, டெல்லியின் கரோல் பாக் போன்ற உதிரிபாகச் சந்தைகளிலும், ஒருகாலத்தில் முகவர்களாக இருந்த ஊர்ப்புறக் கடைகளின் பரண்களிலும் ஆலைப் பொட்டலம் பிரிக்கப்படாத பாகங்கள் எப்போதாவது வெளிப்படும். உலோகப் பாகமாயின் அது புதையல். ரப்பராயின், பிரிக்கப்படாத பொட்டலத்துக்குள்ளும் அதற்கு வயதாகியிருக்கும் என்பதை மறக்கலாகாது. இரண்டாவது, சென்னையின் புதுப்பேட்டை போன்ற, வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்தை. அங்கே கிடைப்பதை வாங்குமுன் அளந்து பார்க்கவும், எண் பொறித்த பாகமாயின் அதன் வழிமூலத்தைக் கேட்டுப் பில் வாங்கவும் வேண்டும்.

மூன்றாவது, மறுதயாரிப்புப் பாகங்கள். இவற்றில் நல்லதும் உண்டு, உருவம் மட்டும் ஒத்ததும் உண்டு. பிஸ்டனையே எடுத்துக்கொண்டால், டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் சிறு ஊசி ஒன்று அறையப்பட்டிருக்கும். ரிங் தானாகச் சுழன்று அதன் முனை சிலிண்டர் சுவரில் உள்ள துவாரத்தில் மாட்டிக்கொள்ளாமல் தடுப்பதே அதன் வேலை. மலிவான நகலில் அந்த ஊசி இடம்மாறியோ தளர்ந்தோ இருந்தால் ரிங் ஒடிந்து சிலிண்டரைக் கீறிவிடும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் நான்கைந்து கூறு மட்டுமே. ஆகவே பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைப் போரிங் செய்வதே முறை. சிலிண்டரை 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகத்தான் அகலப்படுத்த முடியும். ஒவ்வொரு போரிங்கும் அதன் மீதமுள்ள ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பதால், முதல் அளவே போதுமானபோது இரண்டாம் அளவுக்குத் தாவுவது பெரும் இழப்பு.

நான்காவது, புதிதாகச் செய்துகொள்வது. கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களில் வார்ப்பட்டறையும் லேத் பட்டறையும் பல்வெட்டும் கூடமும் அருகருகே இருப்பதால், மாதிரி ஒன்றைக் கொடுத்தால் புஷ், தண்டு, ஸ்பிராக்கெட் முதலியவற்றைச் செய்து வாங்க முடியும். ஆனால் தேய்ந்த மாதிரியை அப்படியே நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். நல்ல கடைசல்காரர் முதலில் தேயாத பகுதியை அளந்து மூல அளவை ஊகிப்பார். அதோடு ஒன்றுசேரும் பாகத்தையும் கேட்பார். அளவைவிடக் கடினமானது உலோகத்தின் தன்மை. கியரின் பல் மேற்பரப்பில் கடினமாகவும் உள்ளே வளையும் இயல்போடும் இருக்க வேண்டும். அதற்காகச் செய்யப்படும் வெப்பப் பதப்படுத்தலைத் தவிர்த்துவிட்டால், பார்வைக்குப் புதிதாக மின்னும் கியர் சில நூறு கிலோமீட்டரில் பல்லை இழந்துவிடும். கிராங்க் தண்டைப் பிரித்து, புது ராடும் பேரிங்கும் இட்டு, அழுத்தப்பொறியால் மீண்டும் பொருத்தி, டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் நேராக்குவது தனிக் கலை. அந்தக் கலை கைவந்த மூத்த தொழிலாளர்கள் ஓய்வுபெறுவது, ஒரு பாகம் சந்தையிலிருந்து மறைவதைவிடப் பெரிய இழப்பு.

உரிமையாளர்களே ஆலை ஆனபோது

தனி ஒருவர் இவ்வளவையும் செய்துகொண்டிருக்க முடியாது என்பதற்கும், பலர் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் சிறந்த சான்று இங்கிலாந்தின் வின்சென்ட். ஸ்டீவனேஜ் ஊரில் பிலிப் வின்சென்ட் நடத்திய ஆலை, பில் இர்விங் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளரின் துணையோடு 998 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைச் செய்தது. அவற்றில் 1948-இல் வந்த பிளாக் ஷேடோ மணிக்கு 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது. எஞ்சினையே சட்டகத்தின் சுமைதாங்கும் பகுதியாக்கி, அதற்கு மேலிருந்த உத்தரத்தை எண்ணெய்த் தொட்டியாகவும் பயன்படுத்திய அதன் அமைப்பு, காலத்தை மீறியது. எனினும் பொருளாதார நெருக்கடியால் 1955-இல் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு நின்றது.

அந்த வண்டிகள் இன்றும் சாலையில் ஓடுவதற்குக் காரணம், 1948 முதலே இயங்கிவரும் உரிமையாளர் கழகம். ஆலையின் வழியாகப் பாகங்கள் வருவது அற்றுப்போன நிலையில், 1970-களில் கழக உறுப்பினர்கள் பங்குப்பணம் போட்டு உதிரிபாக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். ஒருவருக்கு ஒரு கியர் செய்தால் தாங்க முடியாத விலையாகும். நூறு பேரின் தேவையைச் சேர்த்து ஒரே தவணையில் செய்தால் விலை கைக்கெட்டும் என்பதே அதன் எளிய பொருளாதாரம். படிப்படியாகப் பாகங்களின் எண்ணிக்கை வளர்ந்து, 2000-களில் தங்களிடமிருந்த புதுப் பாகங்களைக் கொண்டே முழுமையான பிளாக் ஷேடோ ஒன்றை அவர்கள் உருவாக்கிக் காட்டினர். மூடப்பட்டு அரை நூற்றாண்டு ஆன ஓர் ஆலையின் வேலையை உரிமையாளர்கள் தொடர முடிந்தது, வரைபடமும் அளவும் உலோகக் குறிப்பும் ஒருவர் பெட்டிக்குள் முடங்காமல் பொதுச் சொத்தாக இருந்ததால்தான்.

வின்சென்ட் உரிமையாளர்கள் எண்களையும் அதே அக்கறையோடு காத்தனர். போருக்குப் பிந்தைய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில், சட்டக எண்ணிலிருந்து எஞ்சின் எண்ணைக் கழித்தால் 1900 வர வேண்டும். வந்தால் இரண்டும் ஆலையிலிருந்து ஒன்றாக வெளிவந்தவை. இந்தச் சிறு கணக்கு, பல வண்டிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய ஒன்றை ‘அசல்’ என்று விற்பவர்களிடமிருந்து வாங்குவோரைக் காக்கிறது.

ஏட்டில் இருக்கும் வண்டி

இந்தியாவில் எண்ணின் முக்கியத்துவம் சட்டத்தோடும் பிணைந்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் கூடு உடைந்து வேறொன்றைப் பொருத்த நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு ஆவணத்தில் மாற்றம் செய்வதே நேர்வழி. பழைய எண்ணைப் புதுக் கூட்டில் தட்டிக்கொள்வது குற்றம். பாகம் கிடைத்த பூரிப்பில் இதைத் தள்ளிப்போடுகிறவர், பின்னாளில் விற்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் தவிக்க நேரும்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தம், விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவுமுறையை ஏற்படுத்தியது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சட்டகத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண் வழங்கப்படும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. 1983-இல் பதிவான முதல் ராஜ்தூத் 350-கள் 2033-இல்தான் இந்தத் தகுதியை எட்டும். அதுவரை மூல அமைப்பைக் கெடுக்காமல் காப்பது, உணர்வு சார்ந்த விருப்பமாக மட்டுமின்றிச் சட்டம் எதிர்பார்க்கும் நிபந்தனையாகவும் ஆகிவிட்டது.

இங்கே உரிமையாளர்களிடையே ஒரு விவாதம் உண்டு. சிறு தொடுமுனைகளைத் திறந்து மூடித் தீப்பொறி தரும் பழைய பாயிண்ட் அமைப்பை அகற்றி மின்னணு இக்னிஷன் பொருத்தினால் வண்டி எளிதில் கிளம்பும், தீப்பொறியும் சீராக இருக்கும். அசல் தன்மை போய்விடுகிறதே என்பது மறுதரப்பின் கவலை. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றம் எதுவும் பெரும் கேடு செய்வதில்லை என்பதே இதற்கு நியாயமான தீர்வு. கழற்றிய பாயிண்ட் தட்டைத் துடைத்து எண்ணெய் தடவிப் பெயரெழுதி வைத்தால் அடுத்த உரிமையாளர் முடிவெடுத்துக்கொள்ளலாம். சட்டகத்தை அறுப்பதும், டேங்கை வெட்டி ஒட்டுவதும், ஓடக்கூடிய ஒரு வண்டியைப் பாகத்துக்காகப் பிரித்து விற்பதும் திருத்த முடியாதவை.

எழுதிவைக்க வேண்டியவை

அரிய வண்டி ஒன்றை வைத்திருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு பாகத்தைக் கழற்றும் முன் அது இருந்த நிலையைப் படமெடுப்பது, கழற்றியதும் வெர்னியர் காலிப்பரால் அளந்து குறிப்பது, அதன் பாக எண்ணையும் பதிலுக்குப் பொருத்தியது எதுவென்பதையும் எழுதுவது, உடைந்ததைப் பழைய இரும்புக்கடைக்குப் போடாமல் மாதிரியாகப் பத்திரப்படுத்துவது ஆகிய நான்குமே போதும். பாகம் செய்து கொடுத்த பட்டறைக்காரரிடம் வரைபடத்தின் படி ஒன்றைக் கேட்டு வாங்குவதும், போரிங் செய்தவரிடம் விட்ட இடைவெளியைக் கேட்டுக் குறிப்பதும், சேகரித்ததை அதே மாடலை வைத்திருக்கும் பிறரோடு பகிர்வதும் அடுத்த படிகள்.

வின்சென்டைக் காத்தவர்கள் செல்வர்களாக இருந்ததால் வென்றார்கள் என்று கருதுவது பிழை. அவர்கள் அளவுகளைப் பொதுவில் வைத்ததால் வென்றார்கள். இந்தியாவில் ராஜ்தூத் 350, யெஸ்டி போன்றவற்றை நேசிக்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள்; அவற்றைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த முதிய மெக்கானிக்குகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்விரு தலைமுறையும் ஒரே காலத்தில் வாழும் இந்தச் சில ஆண்டுகளுக்குள், கைப்பழக்கமாக மட்டுமே இருக்கும் அறிவைத் தமிழிலேயே எழுதி, அளந்து, வரைந்து வைத்தால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் இந்த வண்டிகளுக்குப் பாகம் செய்துகொள்ள முடியும்.